நாலாம் வாசலில் பிடித்த கை

பேய்க்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட்தான் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் ஒன்று நாற்பதுக்கு. கதை விடுகிறேன் என்று தோன்றினால் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

நான் ஒரு கிடங்கில் லோடுமேன். அங்கே ஆறு வாசல். லாரி பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நிற்கும். நடுவிலுள்ள இடைவெளியில் கனமான இரும்புத் தகட்டைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் சரக்கைத் தள்ளிக்கொண்டு போவோம். லாரிக்குள் நிற்பவன் டிரைவர் கண்ணில் படமாட்டான். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. லாரிச் சுவரில் ஒருமுறை தட்டினால் கிளம்பலாம். இரண்டு முறை தட்டினால் ஆள் இருக்கிறது, நகர்த்தாதே. இரண்டு தட்டு யார் காதில் விழுந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு நானும் இரண்டு முறைதான் தட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டியிருக்க வேண்டும். அவசரம், புத்தி வேலை செய்யவில்லை. கம்பெனி கொடுத்த தடித்த கையுறை ஒரு தட்டை விழுங்கிவிட்டது. டிரைவர் காதில் விழுந்தது ஒன்றுதான். வண்டி நகர்ந்தது. தகடு என் வலது கைமேல் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். 'விபத்துக்கு நான் தவறாகத் தட்டியதே காரணம். கம்பெனியிடம் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.' வலது கையில் கட்டு. அதனால் இடது கட்டைவிரல் ரேகை போதுமாம்.

"வச்சிட்டுப் போப்பா. கேட்ல உட்கார்ற வேலை தரச் சொல்றேன். இல்லேன்னா உன் இஷ்டம்."

காலையில்தான் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "எதுலயும் கை வச்சிடாதீங்க. அப்புறம் வைத்தியத்துக்கும் நாதியில்ல, நஷ்டஈடும் இல்ல. நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி."

அவள் சொன்னது சரிதான். ஆனால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ரேகை வைத்துவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவர் ஸ்டாம்ப் பேடு எடுக்கப் போனார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நாலாம் வாசல் பக்கத்தில் நான் மட்டும்.

டொக்... டொக்.

நாலாம் வாசலில் நின்ற லாரிக்குள்ளிருந்து.

பழக்கதோஷம், எழுந்துவிட்டேன். எட்டிப் பார்த்தேன். டிரைவர் இல்லை. லாரி காலி. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே பாதிக்கு அப்பால் கும்மிருட்டு.

"யாருப்பா உள்ள?"

டொக்... டொக்.

கடைசிச் சுவரில். உள்பக்கமாக.

போகாதே என்றது மனசு. ஆனால் தகட்டுக்கடியில் கை மாட்டிக்கொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று நான் கத்தியது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. போனேன்.

பத்தடி. சத்தம் நின்றது.

இன்னும் ஐந்தடி. குளிர்... வெயிலில் நின்ற தகர வண்டி சுட வேண்டாமா? எனக்குப் பல் கிட்டியது.

டொக்... டொக்.

காதுக்குப் பக்கத்தில்.

என் இடது கையை யாரோ பிடித்தார்கள்.

கையை அல்ல... கட்டைவிரலை. அதை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினார்கள். நிதானமாக.

யாருமே இல்லை.

ஐயோ!

ஓடினேன்.

வெளியே சூப்பர்வைசர் காகிதத்தோடு நின்றார். மணி ஒன்று நாற்பத்தாறு. "எங்கய்யா போன? கையைக் கொடு."

நீட்டினேன். முஷ்டி திறக்கவில்லை. அவர் இழுத்தார். வாட்ச்மேனும் வந்து இழுத்தார்.

"நடிக்கிறியா?"

சத்தியமாக இல்லை. என் விரல் என் பேச்சையே கேட்கவில்லை. அப்போது முஷ்டியின்மேல் நான்கு விரல் அழுந்திய பள்ளம் தெரிந்தது. யாரோ இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பது போல வெளுத்துக்கொண்டே போனது. சூப்பர்வைசரும் பார்த்தார். ஸ்டாம்ப் பேடு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.

வீட்டுக்குப் போய், மனைவி வெந்நீர் ஊற்றி ஊற்றி, சாயங்காலம் மணி நாலு ஐந்துக்குத்தான் கை திறந்தது. நான் எதிலும் ரேகை வைக்கவில்லை என்று கேட்டதும் அவள் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் அவளே என்னைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மனு கொடுத்தோம். வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த அலுவலக பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிடங்கின் பேரைச் சொன்னதும் நிமிர்ந்தார். அவர் புருஷனும் அங்கே லோடுமேன்தானாம். நாலு வருஷத்துக்கு முன்னால், நாலாம் வாசலில், லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்தவர். பையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினார். என்னிடம் நீட்டிய அதே வாசகம். கீழே ஒரு கட்டைவிரல் ரேகை.

"சாகறதுக்கு முன்னாடி வாங்கிட்டாங்களாக்கா?"

"அந்த இடத்துலயே உயிர் போயிடுச்சு தம்பி. ஒரு வார்த்தை பேசல."

"அப்ப இந்த ரேகை?"

அவர் காகிதத்தை மடித்தார்.

"குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். இடது கட்டைவிரல் பூரா மை. தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், போகல. மத்த விரலோட சேர்த்து மடக்கியாவது விடலாம்னா, அது ஒண்ணு மட்டும் மடங்கவே மாட்டேன்னுடுச்சு. விறைச்சு நீட்டிக்கிட்டே இருந்துச்சு... அப்படியேதான் கொண்டுபோய்ப் புதைச்சோம்."