மூன்று பொட்டு, பத்துப் பல்

ஆயுத பூஜை அன்று காலை பதினோரு மணிக்கு, குமணன்சாவடியில் ஒரு பழைய உதிரிபாகக் கடை வாசலில் நின்றபடி, வானகரத்தில் நிற்கும் ஒரு ஜீப்பின் முன் அச்சில் எத்தனை பல் இருக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணிக்கொண்டிருந்தவர் ஜீப்பின் சொந்தக்காரர். அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், புது வேட்டியோடு தரையில் படுத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“பத்துண்ணே” என்றார்.

“நல்லா எண்ணினீங்களா சார்?”

“பொட்டுல ஆரம்பிச்சுப் பொட்டுல முடிச்சேன். ரெண்டு தடவ எண்ணிட்டேன்லா. பத்தேதான்.”

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. எட்டு மாதத்துக்கு முன் இந்தப் பழைய ஜீப்பை வாங்கினார். காடு மலை எல்லாம் ஏறப் போவதாகச் சொன்னார். அதுவரை அது ஏறிய பெரிய மேடு மதுரவாயல் பாலம். நான் எட்டாம் வகுப்போடு நின்று, லாரி கிளீனராக நாலு வருஷம், கோழிப் பண்ணையில் ஒரு வருஷம், பிறகு அம்பத்தூரில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் கொஞ்ச நாள் என்று சுற்றி, இப்போது ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். பிரஸ் ஷாப்பில் இடது கை நடுவிரலின் நுனி போனது. மண்ணூர்பேட்டையில் ஆறு பேருக்கு ஒரே அறை. மூன்று பேர் தூங்கும்போது மூன்று பேர் வேலைக்குப் போவோம். ஷிப்ட் இல்லாத நாட்களில் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டுவேன்.

அவருக்கு வேண்டியது லாக்கிங் ஹப். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் ஜீப்பில் முன் சக்கரத்தையும் அச்சையும் ஒரு இரும்புத் தட்டு எப்போதும் பிணைத்து வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, நடுவில் திருகு உள்ள ஹப் ஒன்றை மாட்டினால், சேற்றில் மட்டும் திருகிப் பிணைத்துக்கொள்ளலாம். தார் ரோட்டில் அவிழ்த்துவிடலாம். தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு கணக்குதான். வெளியே எத்தனை போல்ட், உள்ளே அச்சு நுனியில் எத்தனை பல். இரண்டும் பொருந்தினால் வேலை அரை மணி நேரம். அவர் மூன்று மாதம் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, உலகத்தில் உள்ள ஹப்புகளை எல்லாம் அதில் அடைத்து வைத்திருந்தார். தன் ஜீப்பின் பல்லை மட்டும் எண்ணவில்லை.

முந்தின நாள்தான் பழைய தட்டுகளைக் கழற்றினேன். துரு பிடித்து இறுகியிருந்தன. சுத்தியலால் அடித்ததில் இரண்டும் உடைந்தன. உள்ளே பார்த்தால் பல்லே இல்லை. தேய்ந்து தேய்ந்து கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதனால் தட்டை வைத்து எண்ண முடியாது. அச்சின் பல் உள்ளே குழியில், கிரீஸ் அப்பிக் கிடந்தது. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒரு பல்லின் தலையைத் துடைத்து, காவலாளி மேஜையில் இருந்த குங்குமத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தேன். “மிச்ச கிரீஸைப் பொட்டு அழியாம மண்ணெண்ணெயில் கழுவுங்க சார். காலையில் இந்தப் பொட்டிலிருந்து, அச்சைக் கையால் திருப்பித் திருப்பி, மேலே வரும் பல்லை எண்ணுங்க. திரும்பப் பொட்டு வந்தால் நிறுத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இதில் அவசரம் என்னவென்றால், அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற அதிகாரி. பூஜை மேடைக்குப் பக்கத்தில், ஜீப் எட்டு மாதமாக எண்ணெய் ஒழுக்கிய இடத்தில்தான் சுண்டல் மேஜை போட வேண்டும். ஜீப்காரரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தார்: பூஜை அன்று மாலை ஆறு மணிக்குள் வண்டி தன் எஞ்சினில் ஓடி கேட்டுக்கு வெளியே போக வேண்டும். போகாவிட்டால் விற்றுவிடச் சம்மதம். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தது. நான் நின்றுகொண்டிருந்த அதே கடையின் அக்கா.

“பத்துப் பல்லா? கீது நைனா” என்று அக்கா குவியலுக்குள் கையை விட்டு, ஒரு ஜோடி ஹப்பை எடுத்துப் போட்டார். “ஆறு போல்ட்டு, பத்துப் பல்லு. நல்லாப் பாத்துக்கோ. எலுமிச்சம்பயம் நசுக்கிட்டேன்னா ஷட்டர்தான். திங்கக்கெயம வரைக்கும் நீ அழுதாலும் தொறக்க மாட்டேன்.”

“சரியா இருக்கும்க்கா.”

“இருக்கட்டும். இல்லாங்காட்டி ஆறு மணிக்கு போன் போடறேன். வண்டிய அனுப்பி ஜீப்ப தூக்கிக்கினு வந்துருவேன். உன் சாருக்கு நான் ஒரு உதவி பண்ண மாதிரி இருக்கும்.”

இரவு ஷிப்ட் அலுப்பில் அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வானகரம் வந்து சேர இரண்டரை ஆனது. நான் ஹப்பை அச்சில் வைத்தேன். ஏறவில்லை. திருப்பி வைத்தேன். ஏறவில்லை. ஜீப்காரர் டார்ச் அடித்தார். உள்ளே நுணுக்கு நுணுக்காகப் பல், சீப்பு மாதிரி. கையில் இருந்த ஹப்பில் கடைவாய்ப்பல் மாதிரி தடித்தடியாகப் பத்து.

நான் அச்சை மெதுவாகத் திருப்பினேன். ஒரு பொட்டு வந்தது. இன்னும் திருப்பினேன். இன்னொரு பொட்டு வந்தது. அப்புறம் ஒன்று.

“நான் ஒரு பொட்டுதானே வெச்சேன்?”

ஜீப்காரர் குனிந்து பொட்டுகளை விரல்விட்டு எண்ணினார். மைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் பக்கத்தில் வந்தார்.

“மிச்சத்த நான்தான் வெச்சேன்” என்றார். “விடியற்காலைல எல்லா வண்டிக்கும் வெச்சேன். இந்த ஜீப்போட அச்சுல ஒரே ஒரு பொட்டு இருந்தது. ஒத்தைப் பொட்டா விடக் கூடாதுன்னு சரிசமமா இன்னும் ரெண்டு வெச்சேன். இந்த வண்டி எனக்குப் பிடிக்காதுதான். அதுக்காக ஆயுத பூஜைல வஞ்சகம் பண்ண முடியுமா?”

அளவெடுத்த மாதிரிதான் வைத்திருந்தார். மொத்தம் இருபத்தேழு பல், மூன்று பொட்டு. ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டு வரை, இரண்டு பொட்டையும் சேர்த்து எண்ணினால் பத்து. பத்து என்று ஒரு சாமான் உலகத்தில் இல்லாமலிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். இருந்து தொலைத்தது.

“ஆறு மணின்னா ஆறு மணிதான்” என்று சொல்லிவிட்டுச் செயலாளர் மைக்கைப் பார்க்கப் போனார்.

ஜீப்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “போச்சுண்ணே. மலை ஏறாமலே போச்சு.”

நான் உடைந்த தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழுவழுப்பு. அப்போதுதான் உறைத்தது. பல் இல்லாத தட்டு எதைப் பிணைக்கும்? இந்த ஜீப்பின் முன் சக்கரம் எத்தனையோ வருஷமாக எதையும் இழுத்ததே கிடையாது. அவர் வாங்கிய நாளிலிருந்து பின் சக்கரத்தில்தான் ஓடியிருக்கிறது. முன் சக்கரத்தை அதனதன் பேரிங்கும் நட்டும் பிடித்திருக்கின்றன. தட்டு இல்லாவிட்டாலும் சக்கரம் கழன்று போகாது. குழிக்குள் தண்ணீரும் மண்ணும் போகாமல் மூடினால் போதும்.

“அப்ப நான் ஃபோர் வீல் லிவரப் போட்டுப் போட்டு ஓட்டுனது?” என்று கேட்டார்.

“லிவர்தான் சார் நகர்ந்துருக்கு.”

மூடுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ஹப் மாட்ட விட்டு வைத்த ஒரு ஸ்பேனரைத் தவிர மற்றவை எல்லாம் சந்தனம் பூசி சாமி முன்னால் இருந்தன, மறுநாள்தான் தொடலாம். தொட்டாலும் அவற்றால் மூடி செய்ய முடியாது. சாமி முன்னால் உடைத்த தேங்காய்கள் வரிசையாக இருந்தன. ஒரு மூடியை எடுத்துச் சக்கரத்தின் நடுக்குழி வாயில் வைத்துப் பார்த்தேன். அளவுக்குச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஜீப்காரரின் மனைவி இரண்டு மூடியைத் துருவி, துருவலைச் சுண்டலுக்கு அனுப்பிவிட்டு, வெறும் சிரட்டையைக் கொடுத்தார். பார்சல் ஒட்டும் டேப்பால் இரண்டு பக்கமும் சுற்றினேன். அந்த அம்மா ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, “வண்டிக்கு ரெண்டு கண்ணு வெச்ச மாதிரி இருக்கு” என்றார்.

ஐந்தே முக்காலுக்கு எஞ்சின் பிடித்தது. நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். ஜீப் கேட்டைத் தாண்டியது. பாதி தாண்டியது. கேட்டுக்கு வெளியே கால்வாய்க்குத் தோண்டி, பாதி மூடிவிட்டுப் போன பள்ளம் ஒன்று. முந்தின நாள் மழையில் சேறாகியிருந்தது. முன் சக்கரம் இரண்டும் அதில் இறங்கிவிட்டன. பின் சக்கரம் கேட்டுக்குள் வழுக்குக் கல்லில் சுற்றியது. எட்டு மாதத்தில் அந்த ஜீப் பார்த்த முதல் சேறு. அதை ஏற முன் சக்கரம் இழுக்க வேண்டும். முன் சக்கரத்தில் இருந்தது சிரட்டை.

“பாதி வெளிய போனா வெளிய போனதாகாது” என்றார் செயலாளர். கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே சிறப்பு விருந்தினரின் கார் வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். “ஏதாவது பண்ணுங்க சார்!”

“பின்னால கனம் வேணும்” என்றேன். “கனம் இருந்தா டயர் பிடிக்கும்.”

பட்டு வேட்டி கட்டிய நாலு பேர் பின்னால் ஏறினார்கள். போதவில்லை. சமையல்காரர் ஆட்கள் சுண்டல் அண்டாவைத் தூக்கி ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. பருமனாக மிச்சம் நின்றவர் செயலாளர்தான். விருந்தினர் கார் மூன்றாவது முறை ஹாரன் அடித்ததும், வேட்டியை மடித்துக் கட்டி, அண்டாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார்.

“மெதுவாப் போங்க, சுண்டல் சிந்தப் போகுது!”

டயர் பிடித்தது. ஜீப் ஒரு குதி குதித்துப் பள்ளத்தைக் கடந்து ரோட்டில் போய் நின்றது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, அண்டா மூடி மேல் வைத்து, வண்டி வெளியே போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார்.

விருந்தினர் காரை விட்டு இறங்கி, பள்ளத்தை ஒதுங்கித் தாண்டி உள்ளே போனார். கூட்டமும் பின்னால் போனது. செயலாளர் இறங்கி இரண்டடி நடந்து, திரும்பி அண்டாவைப் பார்த்தார். ஏற்றிய ஆட்கள் மேடைப் பக்கம் போய்விட்டார்கள். பள்ளத்தில் அண்டாவோடு நடக்க எவனாலும் முடியாது.

“சார்” என்றார் ஜீப்காரரிடம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. “தாள்ல வெளிய போகணும்னுதான் எழுதிருக்கு. உள்ள வரக் கூடாதுன்னு எழுதல.”

மறுபடியும் அண்டா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஜீப் ரோட்டிலிருந்தே வேகம் எடுத்துப் பள்ளத்தைத் தாண்டி உள்ளே போய், அதே இடத்தில், அதே எண்ணெய்க் கறை மேல் நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்தே சுண்டல் விநியோகம் நடந்தது. இடது சிரட்டை பள்ளத்தில் போய்விட்டிருந்தது. டேப் மட்டும் தொங்கியது.

ஆறு மணிக்கு என்று சொன்ன அக்கா ஆறே காலுக்குப் போன் செய்தார். “இன்னா நைனா, ஜீப்பு உள்ளவா, வெளியவா?”

“வெளிய போய்ட்டு உள்ள வந்துடுச்சுக்கா.”

“திங்கக்கெயம வா” என்றார். “பல்ல எண்ணிக்கினு வா. வர்றப்ப எனுக்கு சுண்டல் எடுத்துக்கினு வா.”