மூடிய அறையில் சொன்ன சாட்சி

கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குசுகுசுத்தால் போதும், என் கையிலிருந்து சாக்பீஸ் பறக்கும். இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா, எழுபத்தைந்தில் தூத்துக்குடி பயணியர் விடுதி வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றதால் வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என் கணவர் அப்போது மீனவர்களுக்கான அரசுப் பயிற்சி நிலையத்தில் எஞ்சின் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவர் நாசரேத்துக்காரர், நான் சாத்தான்குளம். எனக்கு ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. இரண்டு பேரும் மிஷன் பள்ளியில் படித்தவர்கள்தான். ஆனால் அங்கே கற்றுக்கொடுத்த கீழ்ப்படிதல் முழுவதும் அவர் பங்குக்கே போய்விட்டது. ‘இங்கே துப்பாதீர்கள்’ என்று ஒரு சுவரில் எழுதியிருந்தால் அந்தத் தெரு முடியும்வரை எச்சிலை விழுங்கிக்கொண்டு நடக்கிற மனிதர்.

வல்லம் என்கிற பாய்மரப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அரசாங்கம் விசைப்படகு கொடுக்கும், பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் படகு என்று அறிவித்திருந்தார்கள். அதை நம்பித் தருவைகுளத்திலிருந்து ஒரு கூட்டம் தினமும் காலை பஸ்ஸில் வந்து, சாயங்காலம் டீசல் வாடையோடு திரும்பும். அவர்களில் மூத்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் பாடத்தைவிட்டு ஒருநாளும் நின்றதில்லை. படகு வந்ததும் அதற்குத் தன் மகள் பெயரைத்தான் வைக்கப்போவதாக என்னிடமே சொல்லியிருக்கிறார்.

படகுகள் வந்தன. மாலை, மைக், மேளம் எல்லாம் அமர்க்களப்பட்டது. எங்கள் சட்டமன்ற உறுப்பினரே மேடையில் நின்று சாவிகளைக் கொடுத்தார். வாங்கியவர்களில் ஒருவர் அவருடைய மச்சினர், ஒருவர் ஐஸ் கம்பெனிக்காரர், மற்றவர்களும் அந்த வகைதான். தருவைகுளத்து ஆட்கள் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். அடுத்த வாரமே அந்த மச்சினர் படகு கிளம்பவில்லை என்று என் கணவருக்கு ஆள் வந்தது. போய்விட்டு வந்தவர் கைகூடக் கழுவாமல் அடுப்படியில் வந்து நின்றார்.

“டீசல் குழாயவே தெறக்காம, வண்டி ஸ்டார்ட் ஆகலேங்கான்ளா. இவன நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல. பயிற்சி முடிச்சவன்னு எப்படிக் குடுத்தாவ?”

இந்தக் கேள்வியை ஊரே கேட்டது. தருவைகுளத்துக்காரர்கள் சென்னை வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். கடைசியில், உறுப்பினரின் நடத்தையை விசாரிக்கச் சட்டமன்றக் குழு ஒன்று தூத்துக்குடிக்கே வருகிறது என்று செய்தி வந்தது. குழுவில் இருந்தவர்களும் சட்டமன்ற உறுப்பினர்கள்தான். காப்பியடித்த பிள்ளையை அதே பெஞ்சுப் பிள்ளைகளை விட்டு விசாரிக்கச் சொன்ன மாதிரி இருக்கிறதே என்றேன். கணவர் சிரிக்கவில்லை. சாட்சி சொல்ல அவருக்கு அழைப்பு வந்திருந்தது. யாருக்குப் பயிற்சி கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டிய ஆள் அவர் ஒருவர்தான். தருவைகுளத்தாருக்குப் படகு கிடைப்பதும் கிடைக்காததும் அவர் வாயில் இருந்தது.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் விடுதி வாசலுக்குப் போனேன். தருவைகுளத்து ஆட்கள் எனக்கு முன்னாலேயே வந்து பூவரச மர நிழலில் நின்றார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. விசாரணை ரகசியமாம். ஜன்னல் கதவுகளைக்கூட மூடிவிட்டார்கள். உப்புக் காற்றில் சட்டை உடம்போடு ஒட்டும் வெயிலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அப்படி என்னதான் பேசுவார்கள்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மரத்துக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கேட்டில் நின்ற காவலர், “டீச்சர், ஒரு எடத்துல நில்லுங்களேன், எனக்குத் தலை சுத்துது” என்றார்.

மதியம் பின்பக்க வழியாகத் தூக்குச் சட்டிகள் போயின. வாசனை கேட் வரைக்கும் வந்தது.

“உள்ள என்னலே நடக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“விசாரண.”

“விசாரணைக்கு எதுக்குலே சீலா மீன் கொழம்பு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் குழம்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாததால், சட்டமன்ற உறுப்பினர் வீட்டிலிருந்துதான் வந்தது என்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. அது விடுதிச் சமையல்காரர் வைத்த குழம்பாகவும் இருந்திருக்கலாம். கதவு சாத்தியிருந்தால் குழம்புக்குக்கூடச் சந்தேகத்திலிருந்து தப்பிக்க வழி கிடையாது.

என் கணவர் உள்ளே போய் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்திருந்தது. அவர் வராந்தாப் படியில் கால் வைக்கும்போது, எங்கிருந்தோ வந்த சட்டமன்ற உறுப்பினர், “வாங்க வாத்தியாரய்யா” என்று அவர் வலக்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குனிந்த வேகத்தில் உறுப்பினரின் தோளில் கிடந்த கரைத் துண்டு சரிந்து, பிடித்த கைகளின் மேல் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. என் கணவருக்கும் கையை உதறத் தெரியவில்லை. பெரியவர்கள் கை கொடுத்தால் அவர்களாக விடும்வரை நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர் அவர்.

வேறு ஊரில் இது ஒன்றுமே இல்லை. தூத்துக்குடியில் அப்படி இல்லை. முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியும், எங்கள் ஊரில் முத்தோ சங்கோ மாடோ எதுவானாலும் தரகர்கள் விலை பேசுவது துண்டுக்கு அடியில்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே துண்டைப் போடுவார்கள், உள்ளே விரலைத் தொட்டுத் தொட்டு விலை போகும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையை எடுத்தால் பேரம் படிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மர நிழலில் நின்றவர்கள் எல்லோரும் பிறந்தது முதல் இதைப் பார்த்தவர்கள். நாள் முழுக்கச் சாத்திக் கிடந்த விசாரணையில் அவர்கள் கண்ணால் பார்த்த ஒரே காட்சியும் இதுதான்.

“வெல முடிஞ்சிட்டுலே” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அந்த மூத்தவர் கேட்டார்: “சார், உள்ள என்ன சொன்னிய?”

“அறிக்கையச் சட்டசபையில வைக்கிற வரைக்கும் வெளிய பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காவ. மீறுனா ஜெயிலாம். மன்னிச்சிருங்க.”

அந்த ‘மன்னிச்சிருங்க’தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மரியாதைக்காகச் சொன்னது. கேட்டவர்கள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் ஆரம்பித்தேன். துண்டைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது. அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. “அந்தாளு சும்மா கையப் புடிச்சாருளா, நலமான்னு கேட்டாரு” என்றார்.

“அது இருக்கட்டும். உள்ள என்ன சொன்னிய? எங்கிட்டயாவது சொல்லுங்க.”

“வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ.”

“நான் வெளியாளா?”

“அந்த ரூமுக்கு நம்ம வீடும் வெளிதாம்ளா.”

அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இட்லிக்கு ஆட்டிய மாவு கல்லிலேயே கிடந்து புளித்தது.

தருவைகுளத்து ஆட்கள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். என் கணவருக்குப் பதவி உயர்வு வரப்போகிறது, சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகப்போகிறார் என்றெல்லாம் பேச்சு. நாங்களோ ஒழுகுகிற கூரைக்காக வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தோம். தினமும் எங்கள் வாசலில் மீன் கூடையை இறக்கும் அக்கா ஒருநாள் கூடையை இறக்காமலே, “சார் வீட்டுக்கு இனி ஐஸ் கம்பெனியில இருந்தே நல்ல மீனா வருமே, எங்க மீனு எதுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். பதிலுக்கு நான் தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டு போனதை இங்கே எழுத முடியாது, பிள்ளைகள் படிப்பார்கள். இவர் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

பத்திரிகையில் ஒரு வரி இல்லை. நெருக்கடி நிலைக் காலம் அது. குழு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு நான் தருவைகுளத்துக்கு பஸ் ஏறினேன். அவர் சாட்சி சொல்ல முடியாவிட்டால் அவருக்காக நான் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வைராக்கியம்.

மூத்தவர் வீட்டில் உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் வகுப்பில் பேசுகிற மாதிரி மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், அரசாங்கப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர், துண்டு தானாகச் சரிந்தது என்று எல்லாம் சொன்னேன். மூத்தவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சார் நல்லவருன்னு நீங்க சொல்லணுமா டீச்சர்? எங்ககூட ஒண்ணா நின்னு மண்ணெண்ணெயில கை கழுவுன மனுசன். கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். உள்ள என்ன சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

நான் வாயைத் திறந்தேன். ‘தெரியும்’ என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

“இல்ல” என்றேன்.

“ஒங்களுக்கே தெரியாது” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, என்மேல் இரக்கப்பட்ட மாதிரிதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. புறப்படும்போது அவர் மனைவி சொன்னார், அடுத்த வாரத்திலிருந்து அவர் விசைப்படகில் டிரைவராகப் போகிறார் என்று. அந்த மச்சினரின் படகில், தினக்கூலிக்கு. “படிச்ச படிப்பு வீணாப் போவலேல்லா” என்று மூத்தவர் சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் காட்டுவது? ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவர் உண்மை சொல்லியிருந்தால் மர நிழலில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். பயந்துபோய் மழுப்பியிருந்தால் அதையும் கேட்டிருப்பார்கள். நல்ல சாட்சிக்கும் விலைபோன சாட்சிக்கும் ஒரே கதவைச் சாத்திவிட்டுக் குழுக்காரர்கள் ரயிலேறிப் போய்விட்டார்கள். சந்தேகம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. எங்கள் வீட்டில்தான் அதற்குக் குடித்தனம்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் சட்டசபையையே கலைத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் ரேடியோவில் கேட்டதும் எல்லோரும் அரசியல் பேசினார்கள். எனக்கு வேறு நினைப்பு. மணியடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

“சட்டசபையே போயிட்டு. இனி அறிக்கைய எங்க வைப்பாவ? இப்பமாவது சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “உத்தரவ யாரும் ரத்து பண்ணலியேளா.”

என் கையிலிருந்த டம்ளர் சுவரில் போய் விழுந்தது. அவர் எழுந்து அதை எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்.

“எல்லாத்தையும் சொன்னேன்ளா. யாருக்குப் பாடம் நடத்துனேன், யாரு எங்கிட்ட வரவே இல்ல, டீசல் குழாய் சங்கதி, எல்லாம். ஒண்ணையும் மறைக்கல.”

இந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுப்பாடம் எழுதினேன், நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்கிற பிள்ளையைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. அதை அவரும் பார்த்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் தருவைகுளத்துக்கும் போய்ச் சொன்னார். அங்கே உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டு, “சரி சார்” என்றார்களாம். அவ்வளவுதான். படகுகள் வாங்கியவர்களிடமே இருந்தன. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்தார். அந்த அறையில் எழுதியெடுத்தது என்ன ஆயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை.

என் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர் பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சொன்னதை நம்புகிறேன். தெரியும் என்று மட்டும் என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.