காலிப் பலகை

அந்த நகரத்துத் தீயணைப்புத் துறை தொடங்கியபோது இருந்தது கையால் அடிக்கும் ஒரு பம்பும், மணி அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் கடைக்காரர்களும்தான். பிறகு சம்பளம் வந்தது, சீருடை வந்தது, நகரத்தைக் கூறுபோட்டு நான்கு நிலையங்கள் வந்தன. பலகை மட்டும் சாவுக்குப் பிறகுதான் வந்தது. பஞ்சுக் கிடங்குக்குள் போன மூன்று பேரை மறுநாள்வரை யாரும் தேடவில்லை. வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தார்களாம். நினைத்தார்களாம்! அன்றிலிருந்து, உள்ளே போகிறவன் தன் பெயர்த் தகட்டை வாசல் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும்.

நம்மவர் அந்தப் பலகைக்காரர். பதினெட்டு வருடம் தண்ணீர்க் குழாய் பிடித்து, புகையில் நெஞ்சு கெட்டுப்போனதால் கிடைத்த வேலை. தன் குழுவிலேயே நல்லவனாக ஒருவனைப் பார்த்து மகளைக் கொடுத்தார். மகளுக்கு அரை மனசு.

"அம்மா மாதிரி நானும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமாப்பா?"

"வாசல்ல நான் நிக்கிறேன்லம்மா. எனக்குத் தெரியாம யாரு உள்ள மாட்டிக்க முடியும்?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சம்மதித்தாள்.

தடிமனான கையுறையோடு தகட்டை எடுப்பது தொல்லை. அதனால் ஒருவனே இரண்டு பேருடையதை எடுப்பான். வருடக்கணக்காக நடந்த கூத்து இது. பலகைக்காரரும் கண்டுகொள்ளமாட்டார்.

பெயிண்ட் கிடங்கு தீப்பற்றிய அன்று பட்டப்பகல். மாப்பிள்ளையோடு சேர்த்து ஐந்து பேர் உள்ளே போனார்கள். கூரை முனகத் தொடங்கியதும் வெளியே வரச் சொல்லி விசில் அடித்தார்கள். நான்காவதாக வந்தவன் நெட்டையன். இருமிக்கொண்டே கையை நீட்டினான்.

"மாப்பிள்ளையோடதையும் குடுங்கண்ணே, பின்னாடியே வர்றாரு."

கழற்றிக் கொடுத்தார்.

"பலகை காலியா?" என்று கத்தினார் நிலைய அதிகாரி. ஒரு தகடு தொங்கியிருந்தாலும் ஆள் அனுப்பியிருப்பார். அதற்கு நேரமும் இருந்தது.

"காலி ஐயா!"

எல்லோரும் தெருமுனைவரை பின்வாங்கினார்கள். கூரை விழுந்த பிறகுதான் நெட்டையன் தன் கையில் இருந்த இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

விசாரணையில் அவன், "என் தப்புதாங்க" என்று அழுதான். "குடுத்தது நான்" என்றார் பலகைக்காரர். இப்போது பலகை காலியானாலும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். துறையின் விதிப் புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. எவ்வளவு சுலபமான வேலை பாருங்கள், வயிறு எரிகிறது.

பதினாறாம் நாள் மகள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பின்னாடியே வர்றாருன்னு சொன்னப்போ, நீங்க திரும்பிப் பாத்தீங்களாப்பா?"

வாசல் அவருக்கு நான்கு அடி தள்ளித்தான் இருந்தது.

"பாக்கலம்மா."