நீலத் தொட்டியும் சிவப்புத் தொட்டியும்

அறுபதுகளின் தொடக்கம். பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டாசு ஆலையில் அப்போது வேலை பார்த்தேன். ஆள் வருகை எழுதுவதும் ஆலைக்குள் ஒழுங்கு பார்ப்பதும் என் பொறுப்பு. தினமும் டைரி எழுதும் பழக்கம் அப்போதே உண்டு. இதையும் அந்த டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான்கு மாதம் முன்பிருந்து சொன்னால்தான் விளங்கும். ஆலையில் ஒரே ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. குடிக்க, கை கழுவ, தீப்பிடித்தால் அணைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஊர்ப் பெண்கள் அதில் மொண்டு குடிப்பார்கள். காலனிப் பெண்கள் தள்ளி நின்று, யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். ஒரு நாள் வெகுநேரம் யாரும் ஊற்ற வரவில்லை. சரம் பின்னும் காலனிப் பெண் ஒருத்தி தானே போய் மொண்டு குடித்துவிட்டாள். பெரிய ரகளை. தொட்டித் தண்ணீர் முழுவதையும் தரையில் திறந்துவிட்டார்கள். அன்று பாதி நாள் வேலை நடக்கவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்க அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் சத்தம் வரக்கூடாது, வேலை ஓடணும். எனக்கு அம்புட்டுத்தான்."

பண்ணினேன். தண்ணீருக்காக யாரும் யாரிடமும் கையேந்தக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தேன். காலனிப் பெண்கள் சாப்பிட உட்காரும் வேலியோரத்தில் இரண்டாவது தொட்டி கட்டச் சொன்னேன். அதே கொத்தனார், அதே நீளம், அதே ஆழம். நானே டேப் பிடித்து அளந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக விளிம்பைச் சுற்றி வண்ண வளையம் பூச வைத்தேன். பழையதற்கு நீலம், புதியதற்குச் சிவப்பு. எல்லோரையும் நிறுத்தி வைத்து, "நீலம் ஊராளுகளுக்கு, சிவப்பு காலனியாளுகளுக்கு. மாத்தித் தொட்டா அன்னைக்கோட வேலை போச்சு" என்று சொன்னேன்.

அன்று தண்ணீர் மொண்ட அதே பெண் சிரித்தாள். "தொட்டிக்கே பொட்டு வச்சு விட்டுட்டீகளே சாமி! தாலி எப்ப கட்டப் போறீக?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைய டைரியில், "தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சரம் பின்னும் ஷெட்டில் ஏதோ உரசிப் பொறி பறந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பி வெளியே ஓடி வந்தார்கள். கடைசியாக வந்தவள், தாலி எப்போது என்று கேட்டுச் சிரித்த அதே பெண். அவளுடைய சேலைத் தலைப்பில் தீ. ஆபீஸ் வாசலில் நின்றிருந்த நான், "தொட்டிக்கு ஓடு!" என்று கத்தினேன். ஷெட் வாசலிலிருந்து நீலத் தொட்டி இருபது அடி.

அவள் அதன் பக்கத்தில் வந்தாள். நின்றாள். கை தண்ணீரை நோக்கி எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு திரும்பி வேலியோரத்துக்கு ஓடினாள். நூற்று அறுபது அடி. ஓட ஓடக் காற்றில் தீ ஏறியது. நீலத் தொட்டியைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட ஒரு போணித் தண்ணீர் எடுத்து அவள்மேல் வீசவில்லை. நானும் வாசலை விட்டு அசையவில்லை.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிர் தங்கிவிட்டது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, கைக்கெட்டுற தூரத்துல தண்ணி இருந்துச்சே. அதை விட்டுட்டு ஏன் அம்புட்டுத் தூரம் ஓடுன?"

"அது நீலம்லா சாமி" என்றாள். "நீங்கதான சொன்னீக." வலது கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கையி இனி சரம் பின்னாது. கூட்டிப் பெருக்குற வேலையாச்சும் போட்டுக் குடுப்பீகளா?" என்று கேட்டாள்.

மறுநாள் முதலாளியிடம் இரண்டையும் சொன்னேன். அவளுக்கு வேலை வேண்டும், வளையங்களை அழிக்க வேண்டும். முதலாளி கோபப்படவில்லை. "வளையத்தை அழிச்சா நாளைக்கு ஊராளு ஒருத்தர் உள்ள வரமாட்டாக. தூரம்தான அண்ணாச்சி குத்தம்? ஷெட்டுக்கிட்டயே இன்னொரு செவப்புத் தொட்டி கட்டிருங்க. அந்தப் பொம்பளையப் பத்திப் பெறகு பாப்போம்."

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஷெட் வாசலிலிருந்து இருபது அடி அளந்து கொத்தனாருக்குக் காட்டினேன். சிவப்பு வளையத்தையும் பூச வைத்தேன். பிறகு சோதனைக்கு வந்த அதிகாரியின் படிவத்தில், தீயணைக்கப் போதிய தண்ணீர் அருகில் உள்ளதா என்று ஒரு கேள்வி இருந்தது. "உள்ளது" என்று எழுதினேன். அதை யார் தொட்டால் வேலை போகும் என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை வேலை கொடுக்கவில்லை.

தீப்பிடித்த அந்தச் செவ்வாய்க்கிழமையின் டைரிப் பக்கத்தில் முதல் வரி, காலையில் எழுதியது: "இரண்டு தொட்டிகளும் விளிம்பு வரை நிரம்பியுள்ளன." அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. சமமாகத்தான் எல்லாம் செய்திருக்கிறோம் என்று எவர் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினாலும், தீப்பிடித்தவள் எந்தத் தொட்டிக்கு ஓடுவாள் என்று மட்டும்தான் இன்றுவரை எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.