மழைக்கு மூடும் ஜன்னல்

இன்று தெஹியோவிட்டப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க நான்.

பைனஸ் மரத்துக் காயைப் பார்த்துச் செய்த ஜன்னலாம். வெயிலில் தானாகத் திறக்கும், ஈரத்தில் மூடிக்கொள்ளும். கரண்ட்டே வேண்டாம். கொண்டுவந்த சின்ன மாதிரியில் தண்ணீர் தெளித்தார், பலகைகள் மெல்ல மூடிக்கொண்டன. எனக்குப் புல்லரித்தது.

பால்வெட்டும் செல்லம்மாக்கா கேட்டார்: "மழைனா பால்வெட்டு இல்ல, எல்லாரும் லயத்து வீட்டுக்குள்ளதான். அடுப்பும் உள்ளதான் எரியும். அப்ப இது மூடிக்கிட்டா புகை எங்கங்க போகும்?"

சிங்களத்தில் சொன்னேன். இன்ஜினியர் எழுதினார், கோடு போட்டு அடித்தார், மறுபடி எழுதினார். மாதிரியை என்னிடமே விட்டுப் போய்விட்டார்.

இப்போது மழை. மேசையில் அது இறுக மூடிக் கிடக்கிறது. அம்மா அடுப்பு பற்றவைக்கிறார். அக்காவின் கேள்வி என்னை உட்கார விடவில்லை.

புகைக்குத் திறக்கிற காய் ஏதாவது உங்கள் பக்கம் காய்க்கிறதா?