பன்னிரண்டு வோல்ட் வெளிச்சம்

ஓசூரில் ஒரு பழைய இரும்புக்கடையில் சாமான் பிரிக்கும் வேலையில் இருந்தபோது, ஏதோ ஒரு கம்பெனி காலி செய்த அறையின் குப்பையோடு அது வந்தது. இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கும் பிளாஸ்டிக் படப்பெட்டி. கூடவே ஒரு கட்டு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரே காட்சிக்கு இரண்டு பிலிம்கள், இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. அட்டையைச் செருகி விசையை அழுத்தினால் உள்ளே சின்ன பல்பு எரியும். படத்தில் இருப்பவர்கள் எட்டித் தொடலாம் போல எழுந்து நிற்பார்கள். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு அது எப்படி என்று இன்றும் முழுதாகத் தெரியாது. அந்த வாரக் கூலிக்குப் பதில் அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேரிகை, குந்தாரப்பள்ளி என்று சந்தை சந்தையாகப் போய்க் காசுக்குக் காட்டினேன். படுக்கை சந்தைக் கொட்டகையில். கிடைத்ததை எல்லாம் பேட்டரி தின்றது. இரண்டு பேட்டரிக் கட்டை போட்டால் மதியத்துக்குள் பல்பு மஞ்சளாகி, படத்திலிருக்கும் பனிமலை புழுதிமேடு போலத் தெரியும்.

குந்தாரப்பள்ளியில் எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா மாட்டுக்கயிறு விற்றார். வியாபாரம் ஓய்ந்த ஒரு மதியம் சும்மா வாங்கிப் பார்த்தார். மலை, ஏரி, பிறகு நம் ஆட்கள் பெரிய மிஷின் ஒன்றைக் கயிறு கட்டி இழுக்கும் படம். அங்கே நின்றுவிட்டார். பெட்டியைக் கண்ணிலிருந்து எடுத்து, பின்பக்கம் யாரோ இருப்பது போலத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க வூட்டுக்காரரு" என்றார்.

நூறு பேருக்கு நான் விலைக்குக் காட்டிய படம் அது. கம்பெனிகள் வந்த புதிதில் மிஷின் இறக்கும் வேலைக்குப் போனவர், மகள் வயிற்றில் இருக்கும்போதே காமாலையில் போய்விட்டாராம். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. மகள் இப்போது ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா முகம் அவளுக்குத் தெரியாது.

"அடுத்த சந்தைக்கி லீவு போட்டு வரச் சொல்றேன். அவ கண்ணார பாக்கணும். அப்ப உன் லைட்டு மங்கிப் போச்சுன்னா உன்னைய இந்தக் கயித்துலயே கட்டிப் போட்டுருவேன் தம்பி."

விளையாட்டாகச் சொன்னாலும் பெட்டியை உடனே திருப்பித் தரவில்லை. அந்த வாரம் முழுக்க வெளிச்சம் மங்காமலிருக்க வழி தேடுவதே வேலை. மெக்கானிக் ஒருவரிடம் பழைய பைக் பேட்டரி வாங்கினேன். அது பன்னிரண்டு வோல்ட். பெட்டியின் பல்போ மூன்று. மாட்டினால் நொடியில் போய்விடும் என்பது தெரியும், முன்பே இரண்டு பல்பைக் கொன்றிருக்கிறேன். அதனால் பன்னிரண்டு வோல்ட் ஸ்கூட்டர் பல்பு ஒன்றை வாங்கினேன். அது நடுவில் உட்காரவில்லை. இடப்பக்கமாகச் சாய்த்துக் கம்பியால் கட்டினேன். மகள் விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாமே என்று, எப்போதும் எரியும்படி வயரை முறுக்கிவிட்டேன். வோல்ட்டுக்கு வோல்ட் சரி. அவ்வளவுதான் யோசித்தேன்.

மகள் வந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. பெட்டியைக் கண்ணில் வைத்ததும், "மூச்சு வுடுறாப்ல இருக்குதும்மா" என்றாள். பிறகு பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பார்க்க வந்தவர்களை அக்கா விலக்கி நிறுத்தினார். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அம்மா, அப்பா நெளியறாரு" என்றாள்.

அக்கா சிரித்தார். அதற்குள் எனக்கு வாசனை வந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் வாசனை. பெட்டியைப் பிடுங்கி வயரை அறுத்து, அட்டையை உருவினேன், விரல் சுட்டது. சாய்த்துக் கட்டிய பல்பின் சூட்டில் இடப்பக்கப் பிலிம் கொப்புளித்து, அவர் நின்ற இடத்தில் பழுப்பு ஓட்டை விழுந்திருந்தது. பேட்டரிக் கட்டையாக இருந்திருந்தால் அதுவே மங்கி அவளை எழுப்பிவிட்டிருக்கும். கொன்றது நான் கொடுத்த தீராத வெளிச்சம். செத்தவரை இரண்டாம் முறை சாகடித்தவன் போல நின்றேன்.

மகள்தான் அட்டையை வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்தாள். "வலப்பக்கம் இருக்குதும்மா."

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இருக்காரு" என்றார். "ஆனா எழுந்து நிக்கல, போட்டோவாயிட்டாரு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு கயிறு விற்கப் போய்விட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சந்தையில் அவரே வந்தார். அட்டையோடு இரண்டு பேட்டரிக் கட்டையும் கொண்டுவந்திருந்தார். நான் வயரைப் பழையபடி இணைத்து, பழைய சின்ன பல்பை மாட்டிக் கொடுத்தேன். இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துவிட்டு, அவராகவே விரலை எடுத்தார்.