சிலுவை போட எத்தனை டிகிரி?

தவறு தொடங்கியது காலை ஏழு நாற்பதுக்கு. என் மகள் பிலோமினா பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து விழுந்த நேரம் என்று நினைக்க வேண்டாம். அது அதற்கு முந்தைய மாதம், ஒரு சாயங்காலம். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது, மாவுக்கட்டு போட்டார்கள், எலும்பு சொன்ன பேச்சைக் கேட்டு நேராகக் கூடியது. கட்டு பிரித்த மறுநாள், நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஏழு நாற்பதுக்கு, நான் இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தேன். கெட்டது அங்கேதான்.

"நானே தின்னுக்கிறேம்மா."

"கை வலிக்கும்டி. ஆ காட்டு."

ஒன்பது வயது. காட்டினாள்.

எட்டரை மணிக்கு வேலைக்குப் போனேன். அங்கே வராந்தாவில் மூட்டுவலிக்காரக் கிழவி ஒருத்திக்கு அவள் மருமகள் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் நீயே செஞ்சா அவங்க முட்டி எப்படிம்மா வேலை செய்யும்? எழுந்து போயி அவங்களே மொண்டு குடிக்கட்டும்!" என்று கத்தினேன். பெரிய ஆஸ்பத்திரியின் மசாஜ் அறையில் பெண்கள் பக்கத்துக்கு நான்தான் பொறுப்பு. அப்போது எட்டு வருஷ அனுபவம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பெரிய டாக்டர் என்னை எழுதச் சொன்னது மூட்டு, எலும்பு, முதுகுத்தண்டு ஆகியவற்றுக்கான பயிற்சிகளைப் பற்றி. அதுவும் இதில் இருக்கிறது. ஆனால் அந்த இட்லியை விட்டுவிட்டு என்னால் அதை எழுத முடியாது.

1. லைட்டு ரூம்

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் எங்கள் அறை வாசலில் பிரெஞ்சில் எழுதிய நீளமான பெயர்தான் இருந்தது. ஊரில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. எல்லோருக்கும் அது லைட்டு ரூம். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சூடு காட்டி இறுகிய தசையைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ஆனால் அதன் புகழ் ரெட்டியார்பாளையம் தாண்டிப் போயிருந்தது. உண்மையாக உழைக்கிற கப்பியும் கயிறும் படிக்கட்டும் அநாதையாகக் கிடக்கும், விளக்குக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். இன்று பயிற்சியை முடிக்காதவருக்கு நாளை விளக்கு கிடையாது.

இரண்டாவது சட்டம் ஒரு கேள்வி. புதிதாக வருகிறவர்களிடம் வலி எங்கே என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்பேன்: "இந்த மூட்டு ஒங்களுக்கு எதுக்கு வேணும்?" பதிலை நோட்டில் எழுதிக்கொள்வேன். டாக்டர் கோணம் அளக்கும் கோனியோமீட்டரால் அளந்து டிகிரியில் எழுதச் சொல்வார். அதையும் எழுதுவேன். ஆனால் டிகிரிக்காக யாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததில்லை.

அந்தக் கிழவிக்கு முட்டி வேண்டியிருந்தது குந்தி உட்காரவோ நாற்று நடவோ அல்ல, மருமகளுக்கு முன்னால் எழுந்து அடுப்படியைப் பிடிக்க. தேய்ந்த முட்டியைப் புதிதாக்க எங்களால் முடியாது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்திப் பத்து எண்ணச் சொல்வோம். முன்தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் பாரம் குறையும்.

ஆண்கள் பக்கத்தில் மசாஜ் செய்யும் மசேர் லீவு போட்ட ஒரு நாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் கட்டிலிலேயே கிடந்தவர். கடற்கரையில் இரும்புக் குண்டு விளையாட வேண்டுமாம்.

"குண்டை எறியிறது கஷ்டமில்ல மதாம். குனிஞ்சு எடுக்கிறதுதான்."

"இடுப்பை மடக்காதீங்க முசே, முட்டியை மடக்குங்க. இன்னையோட கட்டிலுக்கும் லீவு."

முதுகுத்தண்டு ஒரே இடத்தில் வைத்துப் பூட்டுகிற பீரோ அல்ல. படுக்கப் படுக்கத் தாங்குகிற தசை எல்லாம் துவண்டுபோகும். நடக்க வேண்டும், வயிற்றுத் தசையை இறுக்கப் பழக வேண்டும். ஆறு வாரத்தில் அவர் குண்டைக் குனிந்து எடுத்தார். ஆட்டத்தில் தோற்றதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

மூன்றாவது சட்டம் ஒரு பலகை. மேலே பிரெஞ்சு, கீழே என் கையெழுத்தில் தமிழ்: "நோயாளியின் சொந்தக்காரர்கள் வெளியே இருக்கவும்." உள்ளே விட்டால் 'அய்யோ பாவம்' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மூட்டு பத்து டிகிரி பின்னால் போகும்.

2. அஞ்சலையின் தோள்

அஞ்சலை வைத்திக்குப்பத்து மீன்காரி. வலது தோள் இறுகி, கை மார்புக்கு மேல் ஏறவில்லை. எதற்கு வேண்டும் என்று கேட்டேன்.

"கூடையத் தூக்கித் தலையில வைக்க. இப்ப ஒருத்திய கூப்புட்டுத்தான் ஏத்திக்கிறேன். அந்தச் சிறுக்கி கூடைய ஏத்தி உடறப்பவே நாலு மீன எடுத்துக்கிறா."

குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னேன். பிறகு சுவரில் விரல்களால் நண்டு மாதிரி ஏற வேண்டும். நேற்று ஏறிய இடத்தில் சாக்பீஸ் கோடு இருக்கும். இன்று அதைத் தாண்ட வேண்டும்.

"லைட்ட போட்டமா, ஊட்டுக்குப் போனமான்னு இல்லாம, செவுத்த நோண்டச் சொல்றியே மதாம். இதுக்கா நீ படிச்ச?"

"பேசாத. ஏறு."

"ஏறுனா உசுரு போவுது!"

"போனா நான் பாத்துக்கிறேன். பத்து எண்ணு."

அவள் போட்ட சத்தத்தில் அவள் புருஷன் உள்ளே ஓடி வந்துவிட்டான். "உட்டுடுங்க மதாம், கூடைய நானே தூக்கிக்கினு போறேன்" என்று அழுதான். மலை மாதிரி ஆள். பலகையைக் காட்டி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அஞ்சலை அன்றைக்கு என்னைத் திட்டிய வார்த்தைகளை நோட்டில் எழுதவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் சாக்பீஸ் கோடு ஒரு சாண் ஏறியது.

3. இடது கை

வீட்டில் நிலைமை வேறு. சோறு ஊட்டினேன். தலை வாரினேன். பள்ளிக்கூட நோட்டில் அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். சைகோனில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் கடிதத்துக்குக் கடிதம் "குழந்தை கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "நன்றாக ஓய்வு கொடுக்கிறேன்" என்று எழுதினேன். கட்டு பிரித்த பிறகு ஓய்வு கொடுத்தேன் என்று ஒரு நோயாளி சொல்லியிருந்தால் அவளைத் தெருமுனை வரை துரத்தியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயார் செய்யும் ஞானோபதேச வகுப்புச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிலோமினா இடது கையால சிலுவை போடுறா. புதுநன்மைக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. கொஞ்சம் கவனிங்க."

வீட்டுக்கு வந்து வலது கையால் போடச் சொன்னேன். நெற்றிக்குக் கை வரவில்லை, நெற்றிதான் கைக்கு வந்தது. நெஞ்சைத் தொட்டாள். இடது தோளை எப்படியோ எட்டினாள். வலது தோளைத் தொட முழங்கை முழுக்க மடங்க வேண்டும். அதற்கு ஒரு முழம் தூரம் இருந்தது. கட்டு பிரித்த அன்று தொண்ணூறு டிகிரி. இப்போதும் கிட்டத்தட்ட அதேதான்.

4. சனிக்கிழமை

அடுத்து நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் இந்தக் குறிப்பில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது இதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவளை மடியில் உட்காரவைத்து, மேல்கையை ஒரு கையால் பிடித்து, மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்து, மடக்கினேன். அவள் கத்தினாள். நிறுத்தாமல் இன்னும் மடக்கினேன். மறுநாள் முழங்கை வீங்கிச் சூடாக இருந்தது. அளந்தால் எண்பது.

திங்கட்கிழமை டாக்டர் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"யார் மடக்கினது?"

"நான்தான் முசே."

"இதோ பாருங்க மதாம், இனிமே இந்தக் கைமேல ஒங்க விரல் படக் கூடாது. பிள்ளைங்க முழங்கைய அடுத்தவங்க மடக்கினா சதைக்குள்ள எலும்பு வளரும்னு ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இது ரெண்டாம் தடவை நடந்துச்சுன்னா நானும் ஒண்ணும் செய்ய முடியாது, ரோம்ல இருக்கிற பாப்பரசரும் ஒண்ணும் செய்ய முடியாது. மூணு நாள் கை தூளியில தொங்கட்டும். அப்புறம் அவளே மடக்கணும். அவ தசை, அவ இஷ்டம்."

எனக்குத் தெரியாததா? புதிதாக வந்த பெண்களுக்கு நானே நடத்திய பாடம் அது.

5. பெஞ்சு

நாலாம் நாள் அவளை லைட்டு ரூமுக்கு அழைத்துப் போனேன். கையை மேஜைமேல் வைக்கச் சொன்னேன்.

"நீயே மடக்கு கண்ணு. கொஞ்சம். வலிச்சா நிறுத்திடலாம்."

மடக்குவதற்கு முன்னால் அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் என்ன லட்சணத்தில் இருந்ததோ, கை அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி சொன்னேன். மறுபடி முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் அழ ஆரம்பித்தாள். புதுநன்மைக்கு இன்னும் பத்து நாள். அதை விடுங்கள், வாழ்நாள் முழுக்கச் சோற்றை இடது கையால் தின்னப் போகிறாள் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் அஞ்சலை வந்தாள். காலிக் கூடை தலைமேல். தானே ஏற்றிவைத்ததைக் காட்டுவதற்காகவே கூடையோடு வந்திருந்தாள். மீன் வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது.

"யாரு, ஒம் பொண்ணா? அப்படியே ஒன் மூஞ்சி, பாவம். ஏன் ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கிறீங்க?"

சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசல் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தப் பலகையப் படி மதாம்."

"என்ன அஞ்சல, வெளையாடுறியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அதுல இன்னா எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியும், எம் புருசனுக்கும் தெரியும். வெளிய போ."

"நான் இங்க வேலை பாக்கிறவ!"

"இப்ப நீ சொந்தக்காரி. போ. கையத் தொட மாட்டேன், சத்தியம். கதவச் சாத்திக்கினு போ."

எட்டு வருஷத்தில் முதல் முறையாக வராந்தாவில் சொந்தக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த முட்டிவலிக் கிழவியின் மருமகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஒக்காருங்க மதாம். அழுவணும்னா அந்தத் தூணுக்கு அப்பால போயிடுங்க. இங்க அழுதா உள்ள கேக்கும், லைட்டு ரூம் மதாம் வந்து கத்துவாங்க."

சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே அஞ்சலையின் குரல் கேட்டது. "இந்தா, வறுத்த பட்டாணி. இந்தக் கையால எடுத்துப் போட்டுக்க. ஏய், கழுத்து ஏன் கீழ வருது? நீ இன்னா கொக்கா? கைதான் மேல போவணும்."

"வலிக்குதுக்கா."

"எனக்குந்தான் வலிச்சிது. ஒங்கம்மா உட்டாளா? பத்து எண்ணு. அவமேல கோவமிருந்தா சத்தமா எண்ணு."

என் மகள் மிகச் சத்தமாக எண்ணினாள். பட்டாணி தரையில் சிதறியது. மறுபடி எண்ணினாள். நான் தூணுக்கு அப்பால் போய்விட்டேன்.

கதவு திறந்தது. அஞ்சலை காலிப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "நாளைக்கு ரெண்டு வாங்கி வையி."

பத்து நாளும் மீன் விற்றுவிட்டு அவள் வந்தாள். பத்து நாளும் நான் பெஞ்சில் இருந்தேன். வீட்டில் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நோட்டில் கோணம் ஏறியது: தொண்ணூற்றைந்து, நூற்றுப் பத்து, நூற்று இருபத்தைந்து. ஒரு டிகிரிகூட நான் கொடுத்ததில்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மூட்டு அதன் சொந்தக்காரருடையது. சூடு காட்டலாம், கயிறு கட்டலாம், எண்ணச் சொல்லலாம். அவர்களுக்குப் பதிலாக நாம் மடக்கக் கூடாது, பயத்திலும் கூடாது, பாசத்திலும் கூடாது. உங்கள் வீட்டு ஆள் நோயாளியாக வந்தால் பலகை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

புதுநன்மை ஞாயிறு. வெள்ளை கவுனில் பிலோமினா முன்வரிசையில் நின்றாள். நான் கடைசி வரிசையில், பூசையைக் கவனிக்காமல் அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை எழுந்தது. நெற்றி, தலை குனியாமல். நெஞ்சு. இடது தோள். வலது தோளுக்கு இரண்டு விரல்கடை குறைவாக, கழுத்தெலும்பின்மேல் நின்றது. அந்த இரண்டு விரல்கடை மூன்று மாதத்தில் தானாகவே வந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் அஞ்சலை, தலையில் நிறைந்த கூடையோடு.

"தொட்டுச்சா?"

"ரெண்டு வெரக்கட கொறஞ்சிடுச்சி அஞ்சல."

"ஒங்க சாமி அளவுகோல் வச்சிக்கினா ஒக்காந்திருக்கிறாரு? நீதான் வச்சிக்கினு நிக்கிற. போ, வெளிய போயி நில்லு."

"வெளியதானே நிக்கிறேன்."

தலையில் கூடை அசையாமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னங் கொஞ்சம் தூரமா."